ஏழரை மிஷின்களும் ஒற்றை ஆளும்

எங்கள் ஆபீசில் அவருக்கு ஏழரை என்று பேர். சனி பிடித்த மனுஷர் என்பதால் இல்லை. மூன்றாம் மாடியின் கடைசி அறையில், இரும்பு அலமாரித் தட்டுகளில் அவர் கட்டி மேய்த்த பழைய கம்ப்யூட்டர்கள் எட்டு. அதில் ஏழு ஒழுங்காக ஓடும். எட்டாவது இஷ்டமிருந்தால் ஓடும். ஆகமொத்தம் ஏழரை. பேர் வைத்தவள் நான்தான். எனக்கு அங்கே கடுகு என்று பேர். ஆள் சின்னது, கோபம் மூக்கு நுனியில். அதை வைத்தவர் அவர். ஆளுக்கொன்று என்று சரியாகப் போயிற்று.

எங்கள் கம்பெனி செய்வது ஒரே ஒரு மென்பொருள். பார்வை மங்கியவர்களுக்குத் திரையில் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும், வாசித்தும் காட்டும். கண் மங்கியவர்கள் லேசில் புது மிஷினுக்கு மாற மாட்டார்கள். எந்தக் கீ எங்கே, எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று விரல் பழகியிருக்கும். அதனால் மற்றவர்கள் தூக்கிக் கடாசிய பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டங்களுக்கும் நாங்கள் மாதாமாதம் புதுப் பதிப்புக் கொடுத்துவந்தோம். புதிதாக எழுதிய நிரலை ஒவ்வொரு பழைய மிஷினுக்கும் புரிகிறபடி திருத்திக் கட்டுவது அவர் வேலை. கட்டியதை இணையப் பக்கத்தில் ஏற்றி வெளியே விடுவது என் வேலை.

கம்பைலர் என்று ஒன்று உண்டு. நாம் எழுதுவதை மிஷினின் பாஷைக்கு மாற்றித் தருவது அதுதான். பழைய கம்பைலர்களுக்குப் பாதி விஷயம் தெரியாது. தெரியாததைக் கொடுத்தால் சிலது சண்டைக்கு வரும். சிலது எல்லாம் தெரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டுத் தப்பும் தவறுமாகச் செய்து வைக்கும். சண்டை போடுவதைப் பற்றிக் கவலையில்லை, தலையாட்டுவதைத்தான் நம்பக் கூடாது என்பார் அவர். அதற்காகவே கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மிஷினையும் இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்பார். ஒவ்வொரு கேள்வியும் நாலு வரி நிரல். இவ்வளவு பெரிய எண்ணை உன்னால் பிடித்துவைக்க முடியுமா? எழுத்தை வலமிருந்து வைப்பாயா, இடமிருந்தா? இந்தப் பேரில் ஒரு கோப்பு உன்னிடம் இருக்கிறதா, இருந்தால் உண்மையிலேயே வேலை செய்கிறதா? நேற்றைக்குச் சொன்ன பதிலை இன்றைக்கு நம்ப மாட்டார், மறுபடி முதலிலிருந்து கேட்பார். கட்டியது தேறினால் அறைச் சுவரில் இருக்கும் பலகையில் அந்த மிஷினுக்குப் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு. ஒரு தடவை வெளியாட்கள் பார்வையிட வந்தபோது, ஒரு அரைமணி நேரம் எல்லாவற்றையும் பச்சையாக வைத்துவிடுங்கள் என்று மேனேஜர் கெஞ்சினார். சிவப்பைப் பச்சை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார் மனுஷர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எட்டாவது மிஷினுக்கு அரை என்றே பேராகிவிட்டது. அதன் சிஸ்டத்தை உண்டாக்கிய கம்பெனியே இன்றைக்கு இல்லை. அதன் கடிகாரம் நின்றுபோய், ஒவ்வொரு முறை போட்டாலும் இருபது வருஷம் பின்னால் போய் நிற்கும். தேதியைக் கையால் வைத்தால்தான் வேலை நடக்கும். தினமும் காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதற்குத் தேதி வைப்பார். அந்தச் சனியனை எப்போது தலைமுழுகப் போகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒரு ஆள் இருக்காரும்மா என்பார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் வந்தது. தயவுசெய்து இந்தச் சிஸ்டத்துக்குப் பதிப்புக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள், இதன் கீக்கள் என் விரலுக்குத் தெரியும், இன்னொன்றைக் கற்றுக்கொள்ள எனக்குக் கண்ணும் இல்லை, வயசும் இல்லை. அவ்வளவுதான். பேர்கூட இல்லை. அவர் பதில் போட்டார், அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்த மாதம் பதிப்பு வெளியானதும், அரைக்கான கோப்பை ஒருவர் இறக்கிக்கொண்டார். அடுத்த மாதமும் ஒன்று. அதற்கடுத்தும் ஒன்று. மற்ற ஏழுக்கும் ஆயிரக்கணக்கில் போகும். இதற்கு மட்டும் ஒன்று. வெளியீட்டு நாளன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மேசைக்கு வந்து நிற்பார். நம்ம ஆளு எடுத்துட்டாரா என்று கேட்பார். எடுத்துட்டாரு, ஒண்ணு என்பேன். முகம் மலர்ந்து போவார். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று வாய்தான் சொல்லும். நானும் காலையிலிருந்து அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருப்பேன்.

அவர் சம்சாரம் ஒரு தடவை ஆபீசுக்கு வந்தபோது அரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவதான் என் சக்களத்தியா? இன்னும் கொஞ்சம் லட்சணமா இருப்பான்னு நெனச்சேன்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்கே என்னை நாத்தனார் ஆக்கிக்கொண்டார். அதுவரை சார் என்று கூப்பிட்டவள் அப்புறம் அண்ணே என்று ஆனேன், அவர் எனக்கு அண்ணியானார். அண்ணி போனில் பேசினால் முதல் கேள்வி என் மூட்டுவலி, இரண்டாவது கேள்வி உங்க ஒத்தை ஆளு எப்படி இருக்காரு என்பது. அந்த ஆளுக்கு மூக்குக்கண்ணாடி எவ்வளவு தடிமன், தனியாக இருக்கிறாரா, யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று மூன்று பேரும் உட்கார்ந்து கற்பனை செய்வோம். ஒண்டிக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பது அண்ணியின் முடிவு.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணிக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் புதன்கிழமை, எங்களுக்கு வெளியீடு. மகள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் இருந்தாள். அன்றைக்குப் பார்த்து அரை சிவப்பு. புது நிரலில் யாரோ ரொம்பப் பெரிய எண்களைப் போட்டுவிட்டார்கள், அரையின் கம்பைலருக்கு அவ்வளவு பெரிய எண் என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு துண்டாக வெட்டி அவர் கையால் எழுத வேண்டும். மேனேஜரும் அன்றைக்கென்று பொறுமையிழந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் தேறவில்லை என்றால் அரையின் வரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறேன், இனிமேல் எந்த மாதமும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பத்தரை மணிக்கு மகள் அவருக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு மூச்சு இரைக்கிறது, அப்பாவைக் கேட்கிறாள், வரச் சொல்லுகிறாள் என்றாள். அவர் எழுந்து பையை எடுத்துவிட்டார். எடுத்தவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"போன மாசம் எத்தனை, கடுகு?"

"ஒண்ணுண்ணே."

"இருக்காருல்ல?"

"இருக்காருண்ணே. அவரு எங்க போகப் போறாரு?"

இதை நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு ஓடிடறேன் என்று தன் அறைக்குத் திரும்பிப் போனார். பன்னிரண்டே முக்காலுக்குப் பச்சை வந்தது. மேனேஜர் முக்கால் மணியைப் பெரிதுபடுத்தவில்லை. அண்ணன் ஆட்டோ பிடித்து, நெரிசலில் மாட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்று ஐம்பது. அண்ணி ஒன்று இருபதுக்குப் போயிருந்தார். இடையில் மூன்று தடவை அவர் வந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார்.

மகள் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசா? சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாளாம். வேலை கிடைத்து வெளியூர் போனபோதும் வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டினாளாம். அப்புறம் ஒரு நாள் அவளே போன் செய்து, அன்னிக்கு ஏன்ப்பா என்று கேட்டிருக்கிறாள். அவர் அந்த ஆளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மின்னஞ்சலை வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் அன்னிக்கு எழுந்து வந்திருந்தா அந்த மனுஷனுக்கு அதோட எல்லாம் இருட்டும்மா என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவள், அம்மாவைக் கேட்டிருந்தா அவளும் இருந்து முடிச்சுட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பா என்றாளாம். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை போன். அந்த ஆளை அவளும் விசாரிக்க ஆரம்பித்தாள். அவருக்கு மகள் திரும்பக் கிடைத்தது அந்த ஒன்றினால்தான்.

போன வருஷம், அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது, எங்கள் இணையப் பக்கத்தைப் புது சர்வருக்கு மாற்றினார்கள். பழையது எண்ணிக்கையை மட்டும் காட்டும். புதியது யார் எடுத்தது, எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்று வரிவரியாகக் காட்டுகிறது. ஆசையோடு அரையின் வரியைத் திறந்தேன். நம்ம ஆளு எந்த ஊர்க்காரர் என்று பார்த்து அண்ணனிடம் சொல்லலாம் என்று. ஒரே ஒரு வரி. மூன்று மணி, நாலு விநாடி. எடுத்த இடம் எங்கள் கட்டடம். மூன்றாம் மாடிக் கடைசி அறை.

சர்வர் தப்பாகக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பக்கத்தில் ஏறிய கோப்பு பாதியில் கெட்டுப்போய்ப் பெரிய ரகளையாயிற்று. அப்போது அண்ணன் ஒரு சோதனை எழுதினார். வெளியீட்டு நாளன்று மூன்று மணிக்கு அவருடைய எட்டு மிஷினும் தானாகவே, வெளியாள் எடுக்கிற மாதிரியே, பக்கத்திலிருந்து கோப்பை இறக்கி ஓட்டிப் பார்க்கும். மற்ற ஏழில் ஆயிரத்தோடு ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும்? அரையில் ஒன்று கூடினால் இரண்டாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஒன்றாகவேதான் இருந்தது. அந்த நல்ல மனுஷர் சரியாக அதற்கு முந்தின மாதத்தோடு நின்றுபோயிருக்கிறார். செத்தாரோ, மிஷின் போயிற்றோ, இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. நாங்கள் ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். மிஷினை இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்கிறவர் இந்த ஒன்று யார் என்று கேட்கவில்லை. அவரை விடுங்கள், தினமும் அந்தப் பக்கத்திலேயே குந்தியிருந்த எனக்கு எங்கே போயிற்று புத்தி? கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

சொல்லவில்லை. ஐந்து மாதம்தானே, மனுஷர் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். ஐந்து மணிக்கு வருவார், நம்ம ஆளு எடுத்துட்டாரா என்பார். ஒண்ணு என்பேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. எடுக்க ஆள் இருக்கிறவரை அரையை நிறுத்த மாட்டோம் என்று மேனேஜரிடம் வேறு வாக்கு வாங்கி வைத்திருந்தார்.

கடைசி நாள் வந்தது. அன்றைக்கும் வெளியீடு. மத்தியானத்துக்குள் எட்டும் பச்சை. அடுத்த வாரம் அலமாரியை இரண்டாம் மாடிக்கு மாற்றப் போகிறார்கள் என்பதால், அரையை மட்டும் மற்றவர்கள் கையில் விட மனசில்லாமல் தானே நிறுத்தி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்துக் கட்டினார். கூட இருந்து கயிற்றைப் பிடித்தவள் நான். மூன்று மணிச் சோதனை இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

நாலு மணிக்கு மகள் வந்தாள். அப்பாவைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு வாரம் கூட இருக்கப் போவதாகச் சொன்னாள். என்னிடம் தனியாக ஒரு உறையைக் கொடுத்தாள். "அத்தை, இது அந்த ஒத்தை ஆளுக்கு. எப்படியாவது அவருக்குப் போய்ச் சேர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்றாள். பண்ணிடலாம்டா என்று வாங்கி மேசைமேல் வைத்தேன்.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். ஒரு கையில் பை, ஒரு கையில் ஆபீசில் கொடுத்த சுவர்க்கடிகாரம்.

"நம்ம ஆளு எடுத்துட்டாரா, கடுகு?"

"எடுத்துட்டாருண்ணே. ஒண்ணு."

"கடைசித் தடவை. நானே பாத்துடறேன்" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு விநாடி தாங்கவில்லை. திரையில் பூஜ்யம். பக்கம் இன்னும் புதுசாகலைண்ணே என்று உளறினேன். அவரே கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கை நீட்டிப் புதுப்பித்தார். பூஜ்யம்.

எது சிவப்பானாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இன்றைக்கு எது மாறியது? அதைத்தான் அப்போதும் மெதுவாக, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பதிலும் அவரே சொன்னார். "அரையை நிறுத்திட்டேன். அது மட்டுந்தான் மாறிச்சு." என் பக்கம் திரும்பினார். "சோதனை போட்ட அன்னிக்கே ரெண்டாயிருக்கணும்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்போலேருந்து தெரியும்?"

"அஞ்சு மாசமாண்ணே."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். படவில்லை. மகள் பக்கத்தில் வந்து, என்னப்பா ஆச்சு என்றாள். நான் முந்திக்கொண்டு, ஒண்ணுமில்லைடா, சர்வர் கோளாறு என்றேன். அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். வேண்டாம்ணே, விட்டுடுங்க என்று முணுமுணுத்தேன். ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சிவப்பைப் பச்சை என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? அந்தப் பிடிவாதக்காரர் என் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

"அந்த ஆளு இல்லைம்மா. ஒம்பது வருஷமா இல்ல. எடுத்துக்கிட்டு இருந்தது என் மிஷின்தான்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"அப்போ... அன்னிக்கு?"

"அன்னிக்கும்தாம்மா."

"அம்மா மூணு தடவை கேட்டாப்பா."

"தெரியும்மா."

"அப்போ அன்னிக்கு யாருக்காகப்பா அங்க உட்கார்ந்திருந்தீங்க?"

அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு தோள்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை. மூன்று மாடிக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் பிடித்தேன். உங்களுக்கும் தெரியும்தானே அத்தை என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு நிற்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த உறையைப் பிரித்திருந்தார். நாலு தாள். கண் மங்கியவர் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரல் பருமனுக்கு எழுதியிருந்தாள். அதனால் தூரத்திலிருந்தே எனக்கும் படிக்க முடிந்தது. எங்க அம்மா உங்களைப் பத்தி அடிக்கடி விசாரிப்பாங்க. நீங்க தனியா இருக்கீங்களோன்னு கவலைப்படுவாங்க. அம்மா போன அன்னிக்கு அப்பா உங்களுக்காகத்தான் வேலை பாத்தார். எனக்கு உங்க மேல கோபமா இருந்துச்சு, இப்போ இல்ல. நல்லா இருங்க. ஒவ்வொரு மாசமும் மறக்காம எடுத்துக்குங்க.

நாலு தாளையும் வரிசைப்படி அடுக்கி, மடிப்புக் கலையாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுவர்க்கடிகாரத்தை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். ஆட்டோவில் ஏற்றிவிட்டவள் நான்தான்.

அடுத்த மாதம் அரையின் வரியைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். வாக்குப்படிதான், எடுக்க ஆள் இல்லையே. பெட்டி இன்னும் கயிறு அவிழ்க்காமல் இரண்டாம் மாடிப் படிக்குக் கீழே கிடக்கிறது. இது நடந்து எட்டு மாதமாகிறது. மகளுக்கு நான் எத்தனையோ முறை போன் செய்தேன், எடுப்பதில்லை. என் மேல் கோபம் நியாயம். அன்றைக்கு, அவரு எங்க போகப் போறாரு என்று வாய் கூசாமல் சொன்னவள் நான்தானே. ஆனால் அந்த மனுஷர் அந்த வீட்டில் தனியாக என்ன சாப்பிடுகிறார், என்ன செய்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

வெளியீட்டு நாளன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்றும் போன் வரும். எல்லாம் பச்சையா என்று கேட்பார். பச்சைண்ணே என்பேன். அரையைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரமும் அப்படித்தான், ஏழும் பச்சை என்றேன். சரிம்மா என்றார். வைத்துவிடுவார் என்று பார்த்தால் வைக்கவில்லை.

"அவ உனக்காவது போன் பண்ணினாளா, கடுகு?"

பண்ணினாள், உங்களை விசாரித்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்த ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

"இல்லைண்ணே" என்றேன்.